ஷபகிய்யா: கண்மருத்துவ வரலாற்றில் ஒரு வலையின் கதை

இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் உள்ள கடற்கரைச் சிற்றூர் மாரியூர். 1974-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் அவ்வூரையும் வாலிநோக்கத்தையும் ஒட்டிப் பரந்து கிடக்கின்றன. உப்பளத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நம்மைக் காண வந்திருந்தார். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். ஆயினும் பார்வையில் குறை இருந்ததில்லை. ஒருநாள் சுபுஹுத் தொழுகைக்கு ஒளூச் செய்கையில், தண்ணீரில் மை கரைந்தாற்போல் வலக்கண்ணில் கருநூல்கள் மிதக்கக் கண்டார். கண்புரையாக இருக்கும் என்றெண்ணி இரண்டு மாதம் வாளாவிருந்தார். பின்னர் மதுரைக்குச் சென்றபோது, விழித்திரையில் புதிதாக முளைத்த இரத்தக் குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் குருதி கசிந்துள்ளது என்று மருத்துவர் கூறினாராம்.

"ஹஜ்ரத், கண் வைத்தியத்தில் நம் முன்னோர்கள் கரைகண்டவர்கள் என்று மேடையில் பேசுகிறீர்களே! இந்த நோய் அந்தக் கிதாபுகளில் இல்லையா?" என்று அவர் கேட்டார். அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. அதனை முழுமையாக்கும் முயற்சியே இக்கட்டுரை.

அரபு நூல்கள் கண்டவை

கண்மருத்துவரை அரபு மொழி 'கஹ்ஹால்' என அழைத்தது. சுர்மாவைக் குறிக்கும் 'குஹ்ல்' என்னும் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் இது. இத்துறையின் முன்னோடி பக்தாதின் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (கி.பி. 809-873). நெஸ்தோரியக் கிறிஸ்தவரான அவர் எழுதிய 'கண் பற்றிய பத்து ஆய்வுரைகள்' கண்ணின் அமைப்பை அடுக்கடுக்காக விளக்குகின்றது. அவ்வடுக்குகளுள் ஒன்றே 'ஷபகிய்யா'. ஷபகா என்றால் வலை. கண்ணின் உட்படலத்தை வலைக்கு ஒப்பிடும் வழக்கம் கிரேக்கரிடமிருந்து அரபுக்கு வந்தது. 12-ஆம் நூற்றாண்டில் தொலேடோவில் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்த கிரெமோனாவின் ஜெரார்டு போன்றோர் வழியாக அது 'ரெட்டினா' ஆயிற்று. இலத்தீனிலும் அதன் வேர்ச்சொல்லுக்குப் பொருள் வலையே. தமிழ் மட்டும் வலையை விடுத்து 'விழித்திரை' என்றது.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்ற பழங்கொள்கையை இப்னுல் ஹைதம் (965-1040 அளவில்) தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் மறுத்து, ஒளியே கண்ணுள் புகுகின்றது என நிறுவினார். எனினும் பார்வையுணர்வு பிறக்கும் இடமாக அவர் கொண்டது கண்ணின் வில்லையையே. அச்சிறப்பை ஷபகிய்யாவுக்கு நெருங்கிய கருத்து இப்னு ருஷ்தின் (1126-1198) மருத்துவ நூலில் உண்டென்று ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டுவர்.

இரத்தக் குழாய்கள் முறைமாறி வளர்வதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். கருவிழியின் மீது நுண்குழாய்கள் சிலந்தி வலைபோற் படர்ந்து பார்வையை மறைக்கும் நோய்க்கு 'ஸபல்' எனப் பெயரிட்டார்கள். சிறு கொக்கிகளால் அவற்றைத் தூக்கி அறுத்தெடுக்கும் முறையையும் எழுதிவைத்தார்கள். ஆனால் அது கண்ணின் முன்புறத்து நோய், வெறுங்கண்ணுக்குப் புலப்படுவது.

கி.பி. 1000-ஐ ஒட்டி பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸாவின் 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதி கண்ணின் அமைப்பு. இரண்டாவது, புலன்களுக்குத் தெரியும் நோய்கள். மூன்றாவது, புலன்களுக்கு மறைவான நோய்கள். ஷபகிய்யாவின் நோய்கள் இம்மூன்றாம் பகுதிக்கே உரியன. நீரிழிவைப் பற்றி அப்துல் லத்தீப் அல்பக்தாதி (1162-1231) தனி நூலே எழுதினார். எனினும் அந்நோயையும் விழித்திரையையும் இணைத்துப் பேசிய இடம் எதையும் நாம் கண்டிலோம். பார்க்க இயலாததைப் பார்த்ததாக அவர்கள் எழுதவில்லை. 'மறைவானது' என்று அடையாளமிட்டு நின்றார்கள். இது குறையன்று, அறிவின் நேர்மை.

மறைவு நீங்கியது

உயிருள்ள மனிதரின் விழித்திரையை நேரிற் காண 1850 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்மணி கறுப்பாகத் தோன்றக் காரணம், உள்ளே சென்ற ஒளி வந்த வழியே திரும்பிவிடுவதுதான். பார்ப்பவரின் பார்வைக்கோடும் ஒளியின் வழியும் ஒன்றாகுமாறு ஒரு கருவியை அமைத்து, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அச்சிக்கலைத் தீர்த்தார். 1851-இல் அதனை வெளியிட்டார். அதே பத்தாண்டில் வியன்னாவின் எட்வர்ட் யேகர், நீரிழிவு உடையவரின் விழித்திரை மாற்றங்களை வரைந்து காட்டினார். 1880-இல் ஹென்றி ஈல்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், இளைஞர்களின் கண்ணுள் திரும்பத் திரும்பக் குருதி கசியும் நோயை விவரித்தார். அவர் பெயரால் வழங்கும் அந்நோய் இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது. காசநோய்க் கிருமியோடு அதற்குள்ள தொடர்பைச் சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

குழாய்கள் ஏன் முளைக்கின்றன? நீரிழிவில் விழித்திரையின் நுண்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. உயிர்வளிக்கு ஏங்கும் விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து புதுக் குழாய்களை அழைக்கின்றது என்று 1948-இல் மைக்கேல்சன் கருதினார். பசித்த வயலுக்கு அவசரமாக வெட்டிய வாய்க்கால் போன்றவை அக்குழாய்கள், கரை உறுதியற்றவை. ஆதலின் எளிதில் உடைந்து குருதி கசிகின்றன. தழும்பாகச் சுருங்கி விழித்திரையை இழுத்துப் பெயர்க்கின்றன. முதுமையிலும் கடுமையான கிட்டப்பார்வையிலும் இத்தகைய குழாய்கள், விழித்திரைக்கு அடியிலுள்ள படலத்திலிருந்து, கூர்மையான பார்வைக்குரிய மையப்பகுதியாகிய மாக்குலாவின் கீழ் முளைப்பதுண்டு. அப்போது நேர்க்கோடு வளைந்து தெரியும். எழுத்தின் நடுவே கறை விழும்.

மைக்கேல்சன் ஊகித்த பொருள் 1980-களில் இனங்காணப்பட்டு, 'வி.இ.ஜி.எஃப்.' எனப் பெயர் பெற்றது. அதற்கு முன்பே லேசர் வந்துவிட்டது. விழித்திரையின் ஓரப்பகுதியைச் சுட்டு அதன் உயிர்வளித் தேவையைக் குறைத்தால் மையம் காக்கப்படும். கடும் பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறையும் என்று 1976-இல் அமெரிக்க ஆய்வொன்று மெய்ப்பித்தது. குடற்புற்றுக்காக 2004-இல் ஒப்புதல் பெற்ற பெவாசிசுமாப் மருந்தை 2005 முதல் கண்ணுள் ஊசியாகச் செலுத்தத் தொடங்கினர். கண்ணுக்கென்றே ஆக்கப்பட்ட ரானிபிசுமாப் 2006-இல் வந்தது. விலை பன்மடங்கு மிகுதி. இரண்டும் பார்வையைக் காப்பதில் ஏறத்தாழ நிகரானவை என 2011-இல் வெளியான ஒப்பாய்வு காட்டியது. 2015-இல் ரானிபிசுமாபுக்கு நிகரான மருந்து இந்தியாவிலேயே ஆக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது.

நமக்குரிய பாடம்

1819-இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு கண் மருத்துவமனை ஆசியாவிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்று. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகறிந்தது. மருத்துவம் நம் மாநிலத்தில் உண்டு. காலத்தில் செல்வோர்தாம் குறைவு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி என மதிப்பிட்டது. 40 வயது கடந்த சென்னை நகர நீரிழிவாளருள் 18 விழுக்காட்டினரின் விழித்திரையில் பாதிப்பு உள்ளதை 2009-இல் வெளியான சங்கர நேத்ராலயாவின் ஆய்வு காட்டியது. அவருள் பலருக்குத் தம் கண்ணில் நோய் இருப்பதே தெரியாது. தொடக்கத்தில் வலியில்லை, மங்கலில்லை. எனவே நீரிழிவு கண்டறியப்பட்டதுமே விழித்திரையைச் சோதித்து, பின்னர் ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும் என்பது மருத்துவர் கூற்று.

மறைவான நோய்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்கிய மரபின் வாரிசுகள் நாம். அம்மரபைப் பெருமையாகப் பேசிவிட்டு, மறைவை நீக்கும் கருவி கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அதன்முன் அமராதிருப்பது பொருந்துமா? கிதாபு ஓதும் கண்களை உடைய ஆலிம்களும் உஸ்தாதுகளும் இதனை முதலில் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஜும்ஆவுக்குப் பின் வரும் அறிவிப்புகளில் விழித்திரைச் சோதனைக்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

மாரியூர்ப் பெரியவருக்கு அறுவைச் சிகிச்சையால் வலக்கண்ணில் ஓரளவே பார்வை மீண்டது. இடக்கண்ணிலும் குழாய்கள் முளைத்திருந்தன. அவை உடையுமுன் லேசர் செய்யப்பட்டது. அந்தக் கண்ணால்தான் இன்று அவர் குர்ஆன் ஓதுகின்றார். அவருடைய வினாவுக்கு நம் விடை இதுவே: நம் கிதாபுகளில் அந்நோயின் இடம் குறிக்கப்பட்டிருந்தது, நோய் காணப்படவில்லை. கண்டவர்கள் பின்னால் வந்தார்கள். அவர்களிடம் செல்வதும் அக்கிதாபுகளை எழுதியவர்கள் காட்டிய வழியே.