வெசாக் இரவில் ஒரு முஸ்லிம் குரல்



வெசாக் நாட்களில் ஒலிபெருக்கிகளில் கேட்கும் பழைய சிங்களப் பக்திப் பாடல்கள் சிலவற்றைப் பாடியவர் மொஹிதீன் பேக் என்ற முஸ்லிம். எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1919இல் தமிழ்நாட்டின் சேலத்தில் பிறந்தவர் அவர். இளவயதிலேயே இலங்கை வந்தார். சிங்களம் அவரது தாய்மொழியல்ல, இங்கு வந்து கற்றது.

1947இல்தான் சிங்களப் பேசும்படம் பிறந்தது. அவ்வாண்டு வெளிவந்த 'அசோகமாலா'வுக்கு இசையமைத்தவர் மொஹமட் கவுஸ் மாஸ்டர். அதில் பாடியவர்களில் பேக்கும் ஒருவர். முதற்படமான 'கடவுனு பொறொந்துவ'வின் கதாநாயகி ருக்மணி தேவியோ டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரில் பிறந்த கிறிஸ்தவப் பெண். பின்னர் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஆர். முத்துசாமி நாகர்கோவில்காரர். சிங்களத் திரையிசை என்ற புதிய கலையை வளர்த்தவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருந்தார்கள்.

பேக் 1991இல் மரணிக்கும் வரை தன் பெயரை மாற்றவில்லை. மார்க்கத்தையும் விடவில்லை. அவர் பௌத்த பக்திப் பாடல் பாடியதை ஏற்காதவர்கள் எம்மில் உண்டு. இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடமே விடுகிறேன். ஆசிரியராக எனக்குப் படுவது வேறு: அயலவரின் மொழியை அவர் மனதாரக் கற்றார், அவர்கள் வீட்டுக் குரலாகவே ஆகிப்போனார்.

நாமோ இரண்டாம் மொழிச் சிங்களத்தைப் பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் படிப்பிக்கிறோம். சந்தேகமும் வெறுப்பும் எளிதாகப் பரவும் நாட்டில் அது போதுமா? பிள்ளைகளுக்கு இவரைப் பற்றியும் சொல்லிக்கொடுப்போம்.