தலைப்பில் நிமிரும் எழுத்துகள்

ஆங்கில அச்சில் பெரிய எழுத்துகள் ரோமானியக் கல்வெட்டுகளிலிருந்தும், சிறிய எழுத்துகள் பேரரசர் சார்லமேன் காலத்தில் பரவிய கரோலிங்கியக் கையெழுத்திலிருந்தும் வந்தவை. அச்சுக்கோப்பவரின் முன்னே மேற்பெட்டியில் முன்னவையும், கைக்கு அருகிலிருந்த கீழ்ப்பெட்டியில் அடிக்கடி தேவைப்படும் பின்னவையும் இருந்ததால், ‘அப்பர் கேஸ்’, ‘லோயர் கேஸ்’ என்னும் பெயர்கள் நிலைத்தன.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஆங்கில நூல்களில், ஜெர்மனில் இன்றும் உள்ளதைப் போல, பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் பெரிய எழுத்திலேயே தொடங்கின; 1750க்குப் பின் அவ்வழக்கம் தேய்ந்தபோதும், தலைப்புகள் அந்த மிடுக்கை விடவில்லை. முதற்சொல்லுக்கும் சிறப்புப்பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்திடும் ‘வாக்கிய நடை’ எளியது. முக்கியச் சொற்கள் அனைத்துக்கும் இடும் ‘தலைப்பு நடை’யே சிக்கலானது, ஏனெனில் ‘இன்’, ‘வித்’, ‘பிட்வீன்’ போன்ற முன்னிடைச்சொற்கள், அதாவது பெயருக்கு முன் நின்று வேற்றுமைப் பொருள் தருபவை, முக்கியமானவையா என்பதில் நடைக்கையேடுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்க உளவியல் சங்கக் கையேடு நான்கெழுத்தும் அதற்கு மேலும் கொண்ட சொற்களைப் பெரிதாக்குகிறது. 1906இல் முதற்பதிப்பு கண்ட சிகாகோ கையேடோ, முன்னிடைச்சொற்களை நீளம் பாராமல் சிறிதாக்கிவந்து, 2024இன் 18ஆம் பதிப்பில் ஐந்தெழுத்தையே எல்லையாக்கி, இலக்கணத்தின் இடத்தில் எழுத்தெண்ணிக்கையை அமர்த்தியது.