அழியாத கோலங்கள்: வயசு ஏறாதவர்களின் கதை

திண்டுக்கல் பக்கம் வளர்ந்தவங்க பலருக்கும் ஒரு கிணறு ஞாபகம் இருக்கும். எனக்கு, குடகனாற்றுக்குப் பக்கத்துல ஒரு தோட்டத்துக் கிணறு. லீவு விட்டா நாங்க மூணு பேரும் அங்கதான். வீட்டுக்குத் தெரிஞ்சா முதுகு பழுத்துடும்.

இன்னிக்கு எபிசோடும் மூணு பசங்களைப் பத்தித்தான். 1979 டிசம்பர் 7-ல் வெளியான 'அழியாத கோலங்கள்'. பாலு மகேந்திரா இயக்கிய முதல் தமிழ்ப் படம். 1977-ல் கன்னடத்தில் 'கோகிலா' எடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தார். இதில் தன் சொந்தப் பள்ளிப் பருவம் நிறைய இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பருவம் கழிந்தது இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படப்பிடிப்பை அவர் பார்த்ததும் பள்ளிச் சுற்றுலா போனபோதுதான்.

படம் ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. பெரியவனாகிவிட்ட கௌரிசங்கருக்கு (கமல்ஹாசன்) பழைய நண்பன் எழுதுகிறான்: இந்துமதி டீச்சர் இறந்துவிட்டார். அங்கிருந்து கதை பின்னால் போகிறது. மூன்று பையன்கள், உடம்பும் மனசும் மாறுகிற வயசு, ஊருக்குப் புதிதாக வரும் டீச்சர். கடைசியில் ஒருவன் தண்ணீரில் போய்விடுகிறான். மற்ற இருவரின் பிள்ளைப் பருவம் அன்றோடு முடிகிறது.

1971-ல் வந்த 'சம்மர் ஆஃப் 42' படத்தோடு இதை ஒப்பிடுவார்கள். அதை எழுதிய ஹெர்மன் ராச்சரும் தன் வாழ்க்கையைத்தான் எழுதினார். கொரியப் போரில் இறந்துபோன நண்பனுக்காக எழுதத் தொடங்கினார். இரண்டுக்குப் பின்னாலும், வளராமல் நின்றுவிட்ட ஒரு பையன்.

இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்கியது. டீச்சராக நடித்த ஷோபா பிறந்தது 1962 செப்டம்பரில். படம் வந்தபோது வயசு 17. பையன்கள் அண்ணாந்து பார்த்த அந்த டீச்சரே ஒரு டீனேஜர்! 1980 மே 1-ல் அவர் இறந்தார். படம் வந்து அஞ்சு மாசம்கூட ஆகலை. இப்போ அந்த முதல் காட்சிக் கடிதத்தை வெறும் கதையா என்னால பார்க்க முடியலை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அந்தக் கிணத்துக்குக் கம்பி வலை போட்டிருந்தாங்க. மூணு பேரும் எட்டிப் பார்த்தோம். அப்பல்லாம் யாரும் பக்கத்துல பெரியவங்க கிடையாது, மேல ஏறக் கயிறும் கிடையாது. மூணு பேரும் உசுரோட நிக்கிறது எங்க சாமர்த்தியம் இல்லைன்னு அப்பதான் உறைச்சுது. அடுத்த வாரம் பேசுவோம், மக்களே.