சேணப்பையும் கெட்டிப்பெட்டியும்

குதிரையின் முதுகிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு இடம் பெயர்ந்த பொருள்கள் மிகச் சிலவே. கடிவாளம் போயிற்று, லாடம் மறைந்தது, அங்கவடி மிதிபடியாக உருமாறியது. இருக்கைக்குப் பின்னால் இருபுறமும் தொங்கும் பை மட்டும் வாரும் வார்ப்பூட்டுமாகப் பழைய கோலத்திலேயே தொடர்ந்து வருகிறது. அந்தப் பை தோலாலானதாக இருத்தல் வேண்டுமா, பூட்டும் மூடியும் உடைய கெட்டிப் பெட்டியாக இருத்தல் வேண்டுமா என்னும் வினா, பழைய பாணி மோட்டார் சைக்கிளை வாங்குவோர் பலருக்கும் எழுகின்றது. இது வெறும் அழகைப் பற்றிய வினாவன்று. அதற்குள் நெடிய வரலாறு ஒன்று அடங்கியுள்ளது.

1860ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அமெரிக்காவில் குதிரை அஞ்சல் ஒன்று தொடங்கியது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ வரை ஏறத்தாழ 1,900 மைல் தொலைவைக் குதிரை வீரர்கள் மாறி மாறிக் கடந்தனர். கடிதங்களைச் சுமந்தது ‘மோச்சிலா’ எனப்பட்ட தோல்விரிப்பு. சேணத்தின்மேல் போர்த்தப்படும் அவ்விரிப்பில் நான்கு பைகள் தைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் மூன்று பூட்டப்பட்டவை. நிலையத்தை அடைந்ததும் வீரன் விரிப்பை உருவி அடுத்த குதிரையின்மேல் எறிவான். தன் உடல் எடையால் அதனை அழுத்தி அமர்ந்து உடனே புறப்படுவான். தந்திக் கம்பி வந்து சேரவே, 1861 அக்டோபரில் அந்த அஞ்சல் முடிவுக்கு வந்தது. ஆயினும் சுமையை ஊர்தியினின்று நொடியில் பிரித்தெடுக்க இயல வேண்டும் என்னும் கருத்து அங்கேயே முளைவிட்டது எனலாம்.

குதிரைக்குத் தோலைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. உயிருள்ள விலாவில் மரப்பெட்டி உராய்ந்தால் புண்ணாகும். தோல் வளைந்து கொடுக்கும். இரும்புச் சட்டத்திற்கு அத்தகைய தேவை எதுவும் இல்லை. எனினும், ராயல் என்ஃபீல்டு தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901இலும், ஹார்லி டேவிட்சன் 1903இலும் செய்தபோது, பையைத் தைத்துத் தரக்கூடிய கைகள் சேணம் தைப்போரின் கைகளாகவே இருந்தன. கருவிகளை வைக்கும் சிறு பையும் தோல், இருக்கையும் தோல். தேவை மறைந்த பின்னும் பழக்கம் தங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக ஹார்லி நிறுவனம் ஏறத்தாழ 90,000 போர்க்கால வண்டிகளைக் கட்டித் தந்தது. அவ்வண்டியின் பின்புறம் தோற்பைகள் தொங்கின. முன்சக்கரத்தின் ஒருபக்கம் துப்பாக்கிக்குத் தோலுறை. மறுபக்கம் தோட்டாக்களுக்கு இரும்புப் பெட்டி. மாற்றுடை எதில் இருந்தாலும் குற்றமில்லை, தோட்டா நனையலாகாது என்ற தெளிவு படைக்கு இருந்தது. இரண்டில் எதனைக் கொள்வது என்று இன்று தடுமாறுவோருக்கு அந்த ஒரு வண்டியே பாதி விடை தந்துவிடுகிறது.

போருக்குப் பின்னர்க் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த புதிய பொருள் பரவியது. இங்கிலாந்தில் கிரேவன் என்னும் பெயருடைய பெட்டிகள் நெடும்பயணம் செய்வோரிடையே புகழ் பெற்றன. 1970களில் ஜெர்மனியின் கிரவுசர் பெட்டிகள் பி.எம்.டபிள்யூ வண்டிகளோடு சேர்ந்து வந்தன. சட்டம் வண்டியிலேயே நிற்கும். சாவியைத் திருப்பிப் பெட்டியைக் கழற்றிக் கைப்பிடி பற்றி விடுதி அறைக்குள் கொண்டு செல்லலாம். தோல்விரிப்பை உருவிய அஞ்சல் வீரனின் எண்ணம், நூறாண்டு கழிந்து ஞெகிழியில் வடிவெடுத்தது.

இதற்கிடையே இந்தியாவில் வேறொரு கதை நிகழ்ந்தது. 1955இல் சென்னை மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர்த் தாய் நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் உற்பத்தி நின்ற பின்னும் சென்னையில் அது நிற்கவில்லை. வடநாட்டுப் பால்காரர்கள் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் பெரிய பால் கேன்களைத் தொங்கவிட்டு ஓட்டினர். கெட்டிப் பெட்டியின் பயனை அவர்களுக்கு எந்த விளம்பரமும் கற்பிக்கவில்லை. 2009இல் ‘கிளாசிக்’ என்னும் வண்டி, போருக்குப் பிந்திய தோற்றத்தை வேண்டுமென்றே மீட்டெடுத்து வெளிவந்தது. தோற்பைக்கு மீண்டும் மவுசு கூடியது.

வண்டி மட்டுமன்று, பையின் இருவகை வரலாறும் சென்னையைத் தொட்டுச் செல்வது வியப்புக்குரியது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் சென்னையிலிருந்து இலண்டனுக்கு ஏற்றுமதியாகிப் பெயர் பெற்றிருந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் 1898இல் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அவரே 1903 முதல் குரோம் உப்பால் தோலைப் பதனிடும் முறையையும் முயன்றார். இன்றைய அலுமினியப் பெட்டிக்கும் குரோம் தோற்பைக்கும் உரிய இரு கைத்திறன்களும் அங்கு ஒருவர் முயற்சியிலேயே கால்கொண்டன. குரோம் தோல் ஆலை எழுந்த இடம் குரோம்பேட்டை எனப் பெயர் பெற்றது.

பட்டையில் பதனிட வாரக் கணக்கில் ஆகும். குரோம் முறையில் வேலை விரைந்து முடியும். அந்த விரைவுக்குரிய விலையைப் பாலாறு செலுத்தியது. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதித் தோல் ஆலைகளின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது; ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்தவும் ஆணையிட்டது. கிணற்றை இழந்த உழவனுக்கு அத்தொகை எம்மட்டு? தோற்பை இயற்கையானது, ஞெகிழிப் பெட்டி செயற்கையானது என்று எளிதாகப் பேசுவோர் அந்த ஆற்றங்கரையை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

இனிப் பயன்பாட்டை நோக்குவோம். மலேசியா போன்ற மழை நாடுகளில் தோல் நீரை உறிஞ்சும். உலர்வதற்குள் பூஞ்சை படரும். காலந்தோறும் எண்ணெய் பூசாவிடில் வெடித்துவிடும். புகைபோக்கியைத் தொட்டால் கருகும். தாங்கும் கம்பிச் சட்டம் இல்லையேல் பின்சக்கரத்தின் ஆரங்களில் சிக்கி உயிருக்கே ஊறு விளைக்கும். இச்சட்டத்தைப் பலர் வீண் செலவாகக் கருதுகின்றனர். பையைவிட முதலில் வாங்கத்தக்கது அதுவே. கெட்டிப் பெட்டி மழையையும் திருடனையும் தடுக்கும். ஆனால் அது அகலமானது. நெரிசலில் கைப்பிடி நுழைந்த இடத்தில் பெட்டி நுழையாது. வண்டி சாய்ந்து விழுந்தால் தோல் சிராய்க்கும், பெட்டி பிளக்கும். அன்றாடம் சிறு சுமையோடு செல்பவருக்குத் தோலும், ஆவணமும் கருவியும் ஏற்றி ஊர் விட்டு ஊர் செல்பவருக்குப் பெட்டியும் ஏற்றன.

பழைய பாணிக்கே பெயர் போன ஹார்லியின் ஹெரிடேஜ் வண்டி 1980களில் தோற்பைகளோடு வந்தது. 2018ஆம் ஆண்டு வடிவில் அவற்றின் இடத்தில் பூட்டக்கூடிய, நீர் எளிதிற் புகாத, விறைப்பான பைகள் அமர்ந்தன. இன்று கடைகளில் விற்கும் தோற்பைகள் பலவற்றிலும் பளபளக்கும் வார்ப்பூட்டு வெறும் அணியே. அதனைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு ஞெகிழிக் கொக்கி இருக்கும்.