அபாயச் சங்கை ஊதுவது யார்?

எஞ்சினியருக்குப் புழுவின் ஆயுளில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். கன்ட்ரோல் பேனலோடு தினமும் மல்லுக்கட்டுகிறவனுக்கு இந்த வரலாறு சொந்தக் கதை மாதிரி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

1960-களின் தொடக்கம், இத்தாலி. ரிட்டோசா என்ற ஆய்வாளர் பழ ஈயின் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார. யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட்டார்கள். பார்த்தால், வழக்கமில்லாத இடங்களில் குரோமோசோம் உப்பியிருந்தது! அங்கே சில ஜீன்கள் அவசரமாக வேலை செய்கின்றன என்று அர்த்தம். இதில் முக்கியத்துவம் இல்லையென்று ஒரு பெரிய இதழ் கட்டுரையைத் திருப்பிவிட்டதாம். (நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட் திரும்பி வந்ததெல்லாம் எம்மாத்திரம்!) 1962-இல் வேறு இதழில் வெளிவந்தது. அந்த ஜீன்கள் தரும் புரதங்கள் 1974-இல் பிடிபட்டன. சூட்டில் உருக்குலைந்த மற்ற புரதங்களைச் சீராக்கும் ரிப்பேர் கோஷ்டி அவை என்பது பிறகு தெரிந்தது. வயதாக ஆக உடம்பில் சேருவதும் இப்படி உருக்குலைந்த புரதங்கள்தானே!

அடுத்த கதாநாயகன் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள எலிகன்ஸ் புழு. ஆயுள் இரண்டு மூன்று வாரம், நரம்புச் செல்கள் வெறும் 302. இன்சுலின் போன்ற செய்தியை வாங்கும் ஒரே ஒரு ஜீன் பலவீனமானால் இந்தப் புழு இரு மடங்குக்கு மேல் வாழ்கிறது என்று 1993-இல் சிந்தியா கென்யன் குழு காட்டியது.

அதுவரை ஒவ்வொரு செல்லும் தன் சூட்டைத் தானே உணர்ந்து ரிப்பேரைத் தொடங்கும் என்றே பலரும் நினைத்தார்கள். லோக்கல் தெர்மோஸ்டாட் போல. 2008-இல் அமெரிக்காவில் வீணா பிரகலாத்தும் ரிச்சர்ட் மோரிமோட்டோ குழுவினரும், புழுவின் வெப்பத்தை உணரும் ஒரு ஜோடி நரம்புச் செல்களை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். உடம்பு சுட்டது, மற்ற செல்களில் ரிப்பேர் சரியாகக் கிளம்பவில்லை. ஆக, சங்கு கன்ட்ரோல் ரூமில் இருக்கிறது!

2019-இல் வந்த ஆய்வுதான் என்னை உலுக்கியது. புழு ஆபத்தைக் கண்டு பின்வாங்கி ஓடும்போது நரம்புகள் டைரமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது குடலுக்குப் போய், கென்யன் கண்ட அதே இன்சுலின் பாதையை முடுக்கி, ரிப்பேரை அமுக்கிவிடுகிறது. ஓடுகிற நேரத்தில் பராமரிப்பு எதற்கு என்ற கணக்கு போலும். ஆனால் புழுவைத் திரும்பத் திரும்ப விரட்டினார்கள். அதன் ஆயுள் குறைந்தது. நீடித்த சூட்டில் டைரமின் தானாகவே குறைந்து, ரிப்பேருக்கு வழிவிடுகிறது.