பிக்கப் ஏன் பாரம் இழுக்க மறுக்கிறது? டிபரன்சியல் விகிதம் பற்றி அறிய வேண்டியவை

வன்னியில் மீள்குடியேறிய எம்மவர் பலருக்கு ஒரு பழைய பிக்கப்தான் வீட்டின் வருமானம். படகு, நெல் மூட்டை, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் அதுதான் இழுக்கிறது. 2009இல் சொந்த வாகனத்தை முள்ளிவாய்க்காலில் கைவிட்டு வந்தவர்கள், பிறகு லீசிங்கில் எடுத்த வாகனங்களும் இவற்றில் உண்டு. கிளிநொச்சிப் பகுதியில் கராஜ் வேலை செய்யும் என்னிடம் அவர்கள் சொல்லும் முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான்: "அண்ணை, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெயிலர் கொளுவினா இழுக்குதில்லை."

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது அச்சில் உள்ள டிபரன்சியல்.

விகிதம் என்றால் என்ன?

டிபரன்சியலுக்குள் சிறிய பினியன் ஒன்று பெரிய கிரவுண் வீலைச் சுழற்றுகிறது. பினியனில் 10 பல்லும் கிரவுண் வீலில் 41 பல்லும் இருந்தால் விகிதம் 4.10. அதாவது புரொப்பெலர் சாஃப்ட் 4.10 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். 9க்கு 41 பல் என்றால் 4.56. பழைய ரொயோட்டா ஹைலக்ஸ்களில் இந்த இரண்டையும் காணலாம்.

இலக்கம் கூடக்கூட இழுவை கூடும், வேகம் குறையும். 4.10இலிருந்து 4.56க்கு மாறினால் அதே எஞ்சின், அதே கியரில் சக்கரத்துக்கு ஏறத்தாழ 11 சதவீதம் கூடுதல் முறுக்குவிசை கிடைக்கும். அதற்குரிய விலையும் உண்டு. 28 அங்குல ரயரும் 0.85 விகித ஐந்தாம் கியரும் உள்ள வண்டி, 80 கிலோமீற்றர் வேகத்தில் 4.10இல் நிமிடத்துக்குச் சுமார் 2,080 சுற்று ஓடும். 4.56இல் அது 2,300ஐத் தாண்டும். வெறும் வண்டியாக ஏ9 வீதியில் ஓடும்போது சத்தமும் டீசல் செலவும் கூடும். பாரத்தோடு எப்போதும் நான்காம் கியரில் திணறும் வண்டிக்கு இந்த நட்டம் பெரிதாகத் தெரியாது.

பெரிய ரயர் செய்யும் வேலை

மணலுக்கும் பள்ளமான வீதிக்கும் என்று பலர் 28 அங்குல ரயரைக் கழற்றிவிட்டு 31 அங்குலம் பூட்டுகிறார்கள். ரயர் பெருத்தால் இழுவை குறையும். 4.10 விகிதம் உள்ள வண்டி அதன்பின் 3.70 விகிதம் உள்ளதுபோல நடந்துகொள்ளும். முதலாம் கியரில் புறப்பட அரைக் கிளச் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். கிளச் பிளேட் எரிவது இப்படித்தான்.

31 அங்குல ரயரோடு பழைய இழுவையைப் பெறத் தேவையான விகிதம் 4.54. ஆகவே 4.56 கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும், ஸ்பீடோமீற்றரும் சரியான வேகத்துக்குத் திரும்பும். இதைவிட மலிவான வழி பழைய அளவு ரயரையே மீண்டும் பூட்டுவது.

என்னிடம் வரும் சாரதி ஒருவருக்கு இடது கால் செயற்கைக் கால். பாரத்தோடு புறப்படும்போது அரைக் கிளச்சை நீண்ட நேரம் பிடித்திருப்பது அவருக்கு வேதனை. அவருடைய வண்டிக்கு 4.56 மாற்றியபின் கிளச்சை விரைவாக விட்டுப் புறப்பட முடிகிறது. கணக்கில் 11 சதவீதம்தான். ஆனால் ஒரு நாளில் எத்தனை தடவை நின்று புறப்படுகிறார் என்று எண்ணிப் பார்த்தால் அதன் பெறுமதி விளங்கும்.

உங்கள் வண்டியின் விகிதத்தை அறிவது எப்படி?

சமதரையில் மற்றைய சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜக்கால் உயர்த்தித் தாங்கியில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிறேக்கை விடுவியுங்கள். அந்தச் சக்கரத்தைச் சரியாக 2 முழுச் சுற்றுச் சுற்றுங்கள். புரொப்பெலர் சாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றியதோ அதுவே விகிதம். நான்கும் சிறு துண்டும் என்றால் 4.10, நாலரைக்குச் சற்று மேல் என்றால் 4.56. லிமிற்றெட் சிலிப் வகை டிபரன்சியலில் இந்த முறை சரிவராது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

நான்கு சக்கர இழுவை வண்டியில் முன், பின் இரண்டு டிபரன்சியலையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நான்கு சக்கரத்தில் ஓட்டினால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பற்கள் உடையும்.

கிரவுண் வீலும் பினியனும் சோடியாகச் செய்யப்படுபவை. ஒன்றைப் பழையதாகவும் மற்றதைப் புதியதாகவும் பூட்டக்கூடாது. பல்லிடைவெளியை அளந்து, பற்கள் தொடும் இடத்தை மை பூசிப் பார்த்தே பூட்ட வேண்டும். புதிய சோடியில் முதல் சில நூறு கிலோமீற்றருக்குப் பாரம் இழுக்காமல் ஓடி, பின் எண்ணெயை மாற்றுவது நல்லது.

மாற்றாமலே தீரும் பிரச்சினை

கரையிலிருந்து படகை இழுத்தெடுப்பது மட்டும்தான் உங்கள் சிரமம் என்றால் டிபரன்சியலில் கைவைக்க வேண்டாம். நான்கு சக்கர லோ கியர் இழுவையை 2 மடங்குக்கு மேல் கூட்டும். அதற்கு முன்னால் 11 சதவீதம் ஒன்றுமில்லை. மணலில் ரயர்க் காற்றைக் குறைத்து லோவில் போட்டு இழுங்கள். தார் வீதிக்கு வந்ததும் காற்றை நிரப்பி, இரு சக்கர இழுவைக்கு மாறுங்கள். இரு சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டிக்கும், பாரத்தோடு தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்குமே விகித மாற்றம் உண்மையான பயன் தரும்.

கடைசியாக ஒன்று. விகிதத்தை மாற்றினால் வண்டி கூடுதலாக இழுக்கும், ஆனால் அதன் பிறேக், சேசி, கொளுவி எதுவும் பலமடைவதில்லை. தயாரித்தவர்கள் விதித்த பார எல்லை அப்படியே இருக்கும். இழுக்க முடிந்த பாரத்தையெல்லாம் நிறுத்த முடியாது. கையில் இருக்கும் காசு ஒரு வேலைக்கு மட்டும்தான் காணும் என்றால், அது பிறேக்குக்குப் போகட்டும்.