இரண்டு முறை துரத்தப்பட்டவர்களின் ஊர்



பணியில் இருந்த காலத்தில், உலக வரைபடத்தை மாட்டி, கருங்கடலைக் குச்சியால் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த கடலுக்குப் போய்விடுவேன். அதன் வடகிழக்குக் கரையில் வாழ்ந்த ஒரு மக்களைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

அவர்கள் சர்க்காசியர்கள். தங்களை 'அதிகே' என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்களுடைய மலைநாட்டைப் பிடிக்க ரஷ்யப் பேரரசு பல பத்தாண்டுகள் போரிட்டது. 1864 மே 21-ல் வெற்றி அணிவகுப்பு நடத்திப் போரை முடித்தது. லட்சக்கணக்கானோர் கரைக்கு விரட்டப்பட்டு, துருக்கியரின் ஒட்டோமான் பேரரசுக்குக் கப்பலேறினார்கள். பசியிலும் நோயிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் பல்கேரியா முதலான பால்கன் பகுதிகளில் குடியேறினார்கள். வேர் பிடிப்பதற்குள் 1877-78 ரஷ்ய-துருக்கிப் போர் வந்தது. துருக்கி தோற்றது. மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. இந்த முறை சிரியா, ஜோர்டான், பாலஸ்தீனம். பாழடைந்து கிடந்த அம்மான் நகரில் 1878-ல் மீண்டும் குடியேறியவர்களும் இவர்களே. ஒட்டோமான் அரசு இரக்கத்தால் மட்டும் இடம் கொடுக்கவில்லை. தன் பிடி தளர்ந்த எல்லைப்புறங்களில் காவலுக்கு ஆள் வேண்டும் என்ற கணக்கும் இருந்தது.

அந்த ஆண்டுகளில் கலிலேயாவில், தாபோர் மலைக்கு அருகே உருவான ஊர்தான் கஃபர் காமா. கருங்கல்லால் வீடுகளை நெருக்கமாகக் கட்டினார்கள். வெளிச்சுவர்கள் சேர்ந்து ஊருக்கே மதிலாயின. இரண்டு முறை வீடிழந்தவர்கள் வேறு எப்படிக் கட்டுவார்கள்?

இன்று இஸ்ரேலில் உள்ள அந்த ஊரில் சில ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். சமயத்தால் முஸ்லிம்கள். சுற்றிலும் எபிரேயமும் அரபியும். ஆனால் வீட்டில் பேசுவது அதிகே மொழி. நீண்ட காலம் வாய்வழியாகவே காத்த அம்மொழியை இப்போது பள்ளியிலும் கற்பிக்கிறார்கள். ஆசிரியனான என்னை நெகிழவைத்தது இதுதான். நிலம் போனது, மறுபடி கிடைத்த நிலமும் போனது. பிள்ளைகளின் நாவில் இருந்த மொழியை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் மே 21 அவர்களுக்குத் துக்க நாள். 1864-ல் அந்த அணிவகுப்பு நடந்த மலைப்பகுதியில்தான் 2014 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்தன. நாமும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

இன்று வகுப்பெடுக்கும் தம்பி, தங்கைகளே, கருங்கடலைக் காட்டும்போது இரண்டு நிமிடம் அந்தக் கரையிலும் நில்லுங்கள். நான் நிற்கத் தவறிவிட்டேன்.